கணக்கு அலுவலகத்தில் இரண்டு தமிழர்கள்

1912 ஜனவரியில் அரசாங்கத்தின் கணக்குத் துறையில் இரண்டு தமிழ் இளைஞர்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சென்னை அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் மாதம் 20 ரூபாய்க்குச் சேர்ந்த தற்காலிகக் குமாஸ்தா. மற்றவர் கல்கத்தாவில் நிதித் துறை அதிகாரி. ஐந்தாண்டுகளுக்கு முன் பணியில் சேர்ந்தபோதே படியும் சேர்த்து மாதம் 400 ரூபாய் அளவில் வாங்கியவர். குமாஸ்தாவுக்கு வயது 24, அதிகாரிக்கு 23. முன்னவர் பிறந்தது ஈரோட்டில், பின்னவர் திருவானைக்காவலில். இரண்டும் காவிரிக் கரை ஊர்கள். சீனிவாச ராமானுஜனும் சந்திரசேகர வெங்கட ராமனும் ஒரே துறையின் கீழ்க்கோடியிலும் மேல்மட்டத்திலுமாக இருந்த அந்தச் சில வாரங்களை நம் பாடப்புத்தகங்கள் சேர்த்துச் சொல்வதில்லை. சேர்த்துப் பார்த்தால், இன்று வீட்டுக்கு வீடு எழும் ஒரு கேள்வி தெளிவாகிறது: மனம் விரும்பும் துறைக்காக நிலையான வருமானத்தை விடலாமா?

பொறியியல் முடித்த மகன் சினிமா எடுக்கப் போகிறேன் என்கிறான். வங்கியில் இருக்கும் மகள் வேலையை விட்டு ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள். மேடைப் பேச்சாளர்கள் பிடித்ததைச் செய், பணம் தானாக வரும் என்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் முதலில் ஒரு வேலையில் உட்காரு, மற்றதெல்லாம் அப்புறம் என்கிறார்கள். இரண்டு தரப்பும் ராமன், ராமானுஜன் பெயர்களைத் தங்கள் கட்சிக்குச் சாட்சியாக இழுப்பதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் ஆவணங்களில் பதிவாகியிருக்கும் அந்த இரு வாழ்க்கைகளும் எந்தக் கட்சிக்கும் முழுதாக ஒத்துழைப்பதில்லை. பாதுகாப்பை உதறிய துணிச்சலால்தான் இவர்கள் சாதித்தார்கள் என்று படிப்பது பிழை என்றே நினைக்கிறேன். வருமானமே இல்லாத ஆண்டுகள் ராமானுஜனுக்குச் செய்த சேதம் பெரிது. ராமன் வேலையை விட்டதோ, பத்தாண்டுகள் அந்தச் சம்பளத்தில் நின்று ஆராய்ச்சி செய்த பிறகு. அதுவும் மறுபக்கத்தில் ஒரு பதவி உறுதியான பிறகு.

ராமானுஜனின் கதையை முதலில் பார்க்கலாம். கும்பகோணத்தில் பள்ளியிறுதியில் இருந்தபோது ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார் என்பவர் தொகுத்த கணிதப் புத்தகம் ஒன்று அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்களை ஏறக்குறைய நிரூபணமே இல்லாமல் அடுக்கி வைத்த தேர்வுத் துணைநூல் அது. அவற்றைத் தானே நிறுவிப் பார்க்கத் தொடங்கிய பையனுக்கு மற்றப் பாடங்கள் கண்ணில் படவில்லை. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகை, ஆங்கிலத்தில் தேறாததால் பறிபோனது. 1905இல் வீட்டை விட்டு விசாகப்பட்டினத்துக்கு ஓடினார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், பட்டப் படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் கணிதம் தவிர்த்த பாடங்களில் தோற்றார். அடுத்த ஆண்டும் அப்படியே. பட்டம் இல்லை, உதவித்தொகை இல்லை, வேலையும் இல்லை. 1909 ஜூலையில் கல்யாணம் ஆயிற்று. 1910 தொடக்கத்தில் ஓர் அறுவை சிகிச்சை தேவைப்பட்டபோது குடும்பத்திடம் பணமில்லை. ஒரு மருத்துவர் கட்டணம் வாங்காமல் செய்துகொடுத்தார்.

புகழ்பெற்ற அந்த நோட்டுப் புத்தகங்கள் பெரும்பாலும் நிரம்பியது இந்த ஆண்டுகளில்தான். அதை மறைத்துவிட்டு வாதாட முடியாது. வறுமை அவருடைய கணிதத்தை நிறுத்தவில்லை. காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார். வழிமுறை அழிந்தது, விடை மட்டும் நின்றது. பின்னாளில் அந்த நோட்டுகளை ஆராய்ந்தவர்கள், ஒவ்வொரு முடிவுக்கும் அவர் எப்படி வந்திருப்பார் என்று கண்டுபிடிப்பதற்குப் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய இழப்பு தனிமை. ஐரோப்பாவில் ஏற்கெனவே நிறுவப்பட்டுவிட்டவை என்று தெரியாமலே பல முடிவுகளை மறுபடியும் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஜி.எச். ஹார்டி பல்லாண்டுகள் கழித்து ராமானுஜனைப் பற்றி ஆற்றிய உரைகளில் இதைத்தான் சுட்டிக்காட்டினார்: உண்மையான சோகம் அவருடைய அகால மரணத்தில் இல்லை; பதினெட்டு வயதுக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்ட முக்கியமான ஆண்டுகளில் அவருடைய மேதைமை வழிதவற விடப்பட்டதில்தான் இருக்கிறது. அப்படி விட்டது கல்வி அமைப்பின் விறைப்பு என்பதே ஹார்டியின் குற்றச்சாட்டு. ராமானுஜனின் வறுமையை அவருடைய மேதைமைக்கு ஊட்டமாகக் காட்டும் எழுத்தாளர்கள் இந்தத் தீர்ப்பை ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

கையில் காசில்லாதபோது மூளைக்கு என்ன ஆகிறது என்பதை நம் மண்ணிலேயே சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் 2013இல் ‘சயன்ஸ்’ இதழில் அதை வெளியிட்டார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகள். கரும்புக்காரருக்குப் பணம் ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வரும். அறுவடைக்கு முந்தைய மாதங்கள் அடகும் கடனுமாகப் போகும். ஒரே விவசாயிக்கு அறுவடைக்கு முன்பும் பின்பும் அறிவுத்திறன் சோதனைகள் வைத்துப் பார்த்தார்கள். பணம் வருவதற்கு முன் அதே மனிதரின் மதிப்பெண்கள் குறைவாக இருந்தன. இந்த ஆய்வின் புள்ளியியல் முறை குறித்துக் கேள்வி எழுப்பியவர்களும் உண்டு. அதனால் ஒரே ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடிவுகட்டிவிடக் கூடாது. ஆனாலும் நாளைய அரிசிக்கான கவலை இன்றைய சிந்தனையில் இடம் பிடித்துக்கொள்கிறது என்பது கடன்பட்ட எவருக்கும் புரியும்.

1910இல் ராமானுஜன் திருக்கோவிலூருக்குப் போய் டெபுடி கலெக்டர் வி. ராமசாமி அய்யரைப் பார்த்தார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர். தாலுகா அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை வேண்டும் என்று கேட்டுப் போனவர், கூடவே நோட்டையும் காட்டினார். அதைப் புரட்டிப் பார்த்த ராமசாமி அய்யர் வேலை கொடுக்க மறுத்துவிட்டார். இப்பேர்ப்பட்ட திறமையை வருவாய்த் துறையின் அடிமட்ட வேலையில் புதைக்கத் தனக்கு மனமில்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த மறுப்பில் எவ்வளவு மரியாதை இருந்ததோ அவ்வளவு ஆபத்தும் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. மறுத்ததோடு நிறுத்தாமல் சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பினார் என்பதால்தான் அது கொடுமையாக முடியவில்லை.

அந்தத் தொடர்பின் வழியே நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவைச் சந்தித்தார். உனக்கு என்னதான் வேண்டும் என்று கலெக்டர் கேட்டதற்கு ராமானுஜன் தந்த பதில், குறிக்கோள் வகுப்பது பற்றி நான் அறிந்தவற்றிலேயே மிகத் தெளிவானது. ஆராய்ச்சியைத் தொடரும் அளவுக்குச் சாப்பாடும் ஓய்வு நேரமும் கிடைத்தால் போதும் என்றார். புகழ், பதவி, இங்கிலாந்துப் பயணம் எதையும் கேட்கவில்லை. ராமச்சந்திர ராவ் தன் கைப்பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் அனுப்பத் தொடங்கினார். அதையும் நெடுநாள் வாங்கிக்கொண்டிருக்க ராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. பிறர் கையை எதிர்பார்த்து இருப்பது அவரை அரித்தது. 1912 ஜனவரியில் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் சில வாரங்கள். மார்ச் 1 முதல் சென்னை போர்ட் டிரஸ்ட்டில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்குப் பிரிவுக் குமாஸ்தா.

அடிமட்ட வேலை திறமையைப் புதைத்துவிடும் என்ற அச்சம் அங்கே பொய்த்தது. போர்ட் டிரஸ்ட்டில் அவருடைய மேலதிகாரி எஸ். நாராயண அய்யர் கணிதம் கற்றவர். மாலை நேரங்களில் இருவரும் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்தார்கள். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், ஒரு குமாஸ்தாவின் கணிதத்துக்காகத் தன் செல்வாக்கைச் செலவிட்டார். 1913 ஜனவரி 16ஆம் தேதி ஹார்டிக்குப் போன கடிதத்தில் ராமானுஜன் தன்னைச் சென்னை போர்ட் டிரஸ்ட் குமாஸ்தா என்றுதான் அறிமுகப்படுத்திக்கொண்டார். அடுத்த கடிதத்தில் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்: தான் பாதிப் பட்டினி கிடப்பவன், மூளையைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் உணவு வேண்டும், ஹார்டி பரிவோடு ஒரு கடிதம் எழுதினால் பல்கலைக்கழகத்திலோ அரசாங்கத்திலோ உதவித்தொகை பெற அது பயன்படும். உலகின் தலைசிறந்த கணித அறிஞர்களுள் ஒருவருக்குச் சோற்றைப் பற்றி எழுத அவர் கூச்சப்படவில்லை. கணிதமும் உணவும் எதிரெதிர்த் தட்டுகளில் வைக்க வேண்டியவை என்று அவர் ஒருபோதும் நினைத்ததாகத் தெரியவில்லை.

ராமனின் கதை வேறு வகை. குழந்தைகள் எட்டுப் பேர் பிறந்த வீட்டில் இரண்டாவது பிள்ளை. அப்பா கல்லூரி ஆசிரியர். மாநிலக் கல்லூரியில் 1904இல் பி.ஏ., 1907 தொடக்கத்தில் எம்.ஏ.; இடையே 1906 நவம்பரில், பதினெட்டு வயதில், லண்டனின் ‘பிலசாபிக்கல் மேகசின்’ இதழில் முதல் ஆய்வுக் கட்டுரை. மேற்படிப்புக்கு இங்கிலாந்து போகலாம் என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். சென்னை சிவில் சர்ஜன் பரிசோதித்துவிட்டு, அந்தக் குளிரை இந்த உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார். இயற்பியல் படித்தவனுக்கு ஆராய்ச்சி வேலை தரும் அமைப்பு அன்றைய இந்தியாவில் அநேகமாக இல்லை. அண்ணன் சுப்பிரமணிய அய்யர் ஏற்கெனவே நிதித் துறையில் இருந்தார். தம்பியும் அந்தத் தேர்வை எழுதி முதலிடம் பெற்றார். 1907 மே மாதம் லோகசுந்தரியைக் கைப்பிடித்து, சில வாரங்களில் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகச் சேர்ந்தார். நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் எல்லாமும் பதினெட்டு வயதிலேயே கைகூடிவிட்டது.

அலுவலகத்துக்குப் போகும் வழியில், டிராமிலிருந்து பார்த்தபோது பவ்பஜார் தெரு 210ஆம் எண் கட்டடத்தில் ஒரு பெயர்ப்பலகை கண்ணில் பட்டது: இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் தொடங்கியது. இந்தியர் தம் சொந்த முயற்சியில் ஆராய்ச்சி செய்ய ஓர் இடம் வேண்டும் என்று வீடு வீடாக நன்கொடை திரட்டிக் கட்டிய சர்க்கார், ஆராய வருபவர்கள் இல்லாத மனக்குறையோடு 1904இல் இறந்துபோனார். அவர் கட்டிய சோதனைக்கூடத்தின் கதவை மூன்றாண்டுகள் கழித்து ஒரு கணக்கு அதிகாரி வந்து தட்டினார். ராமனின் துணிச்சலை வியக்கும் நாம் சர்க்காரின் பொறுமையை மறந்துவிடுகிறோம். தூசி படிந்திருந்தாலும் அங்கே கருவிகள் இருந்தன, இடம் இருந்தது, ஆசுதோஷ் டே என்ற உதவியாளர் இருந்தார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லாத டே, பின்னர் ராமனோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரைகளில் பெயர் பதித்தார்.

அடுத்த பத்தாண்டு கால அட்டவணையை வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் பதிந்து வைத்திருக்கிறார்கள். காலை ஐந்தரைக்குக் கழகம். பத்து மணிக்குச் சற்று முன் வீடு திரும்பிக் குளியல், அவசரச் சாப்பாடு, வாடகைக் காரில் அலுவலகம். மாலை ஐந்து மணிக்கு நேரே மறுபடியும் கழகம். வீடு சேர இரவு ஒன்பதரை, பத்து. ஞாயிற்றுக்கிழமை முழுதும் அங்கேதான். 1909இல் ரங்கூனுக்கும் 1910இல் நாகபுரிக்கும் மாற்றல் வந்தபோது ஆராய்ச்சியும் கூடவே போனது. நாகபுரியில் வீட்டின் ஒரு பகுதியே சோதனைக்கூடமானது. 1911இல் கல்கத்தாவுக்குத் திரும்பினார். இந்தப் பத்தாண்டில் ஏறக்குறைய முப்பது கட்டுரைகள் ‘நேச்சர்’, ‘பிலசாபிக்கல் மேகசின்’, ‘ஃபிசிக்கல் ரிவ்யூ’ போன்ற இதழ்களில் வெளிவந்தன. எல்லாம் அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் செய்தவை.

அவர் தேர்ந்தெடுத்த பொருள்களைக் கவனிக்க வேண்டும். அதிரும் கம்பிகள், இசைக்கவை, வயலினில் சில சுரங்கள் ஏன் உறுமலாக விழுகின்றன என்ற கேள்வி. ஐரோப்பாவில் கதிரியக்கமும் அணுவின் உள்ளமைப்பும் சூடுபிடித்திருந்த காலத்தில், தன் கைக்கு எட்டிய கருவிகளாலும் கையில் இருந்த நேரத்தாலும் முடிக்கக்கூடிய, ஆனால் உலகத் தரத்தில் நிற்கக்கூடிய கேள்விகளை எடுத்துக்கொண்டார். பெரிய கனவு காண்பதைவிட இந்தத் தெரிவு கடினம். விருப்பத் துறையில் இறங்கும் பலர் முதல் ஆண்டிலேயே தளர்வதற்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல, கையிருப்புக்குப் பொருந்தாத முதல் இலக்கு என்றே கருதுகிறேன். ராமனின் நாட்டமும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. ஒளியில் தொடங்கி, ஒலியில் பல்லாண்டு தோய்ந்து, மறுபடி ஒளிக்கு வந்தது. பால் ஓகீஃப், கரோல் டுவெக், கிரெகரி வால்டன் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை ஒட்டிச் சிந்திக்க வைக்கிறது. தன் ஆர்வம் எங்கோ முழுமையாக ஒளிந்திருக்கிறது, கண்டெடுத்தால் போதும் என்று நம்புகிறவர்கள், அந்தத் துறை கடினமாகும்போது சீக்கிரம் கைவிடுகிறார்கள். உழைக்க உழைக்க ஆர்வம் வளரும் என்று நம்புகிறவர்கள் நிலைத்து நிற்கிறார்கள்.

1914இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவி உருவானது. வழக்கறிஞர் தாரக்நாத் பாலித் தந்த பெருங்கொடை, இந்தியர்தான் அந்தப் பதவியில் அமர வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. துணைவேந்தர் ஆசுதோஷ் முகர்ஜி ராமனை அழைத்தார். வெளிநாட்டில் போய்ப் பயிற்சி பெற்று வர வேண்டும் என்ற விதியை ராமன் ஏற்க மறுத்தார். முகர்ஜி விதியைத் தளர்த்தினார். செனட்டில் எதிர்ப்பும் இருந்தது. 1917 ஜூலையில் ராமன் அரசாங்க வேலையை விட்டுப் பேராசிரியரானார். சம்பளம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நிதித் துறையில் அவருக்குக் காத்திருந்த மேற்பதவிகளையும் ஓய்வூதியத்தையும் சேர்த்தால் இழப்பு இன்னும் பெரிது. முகர்ஜியே அந்தத் தியாகத்தைப் பொதுமேடையில் மனமுருகிப் பாராட்டினார்.

அது தியாகம்தான், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பெருமையும் அதிகாரமும் உள்ள வேலையை இருபத்தெட்டு வயதில் விடுவதற்குப் பண்பட்ட உறுதி வேண்டும். ஆனால் பாதிச் சம்பளம் என்பது சம்பளமே இல்லாமை அல்ல. பட்டினி கிடக்கும் அபாயத்தில் அவர் இறங்கவில்லை. தனக்கு ஆராய்ச்சி முடியுமா, பத்தாண்டு சலிக்காமல் செய்ய முடியுமா, உலகம் மதிக்கும் தரத்தில் வருமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே கையெழுத்துப் போட்டார். அமெரிக்காவில் ஜோசப் ராஃபியும் ஜீ ஃபெங்கும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு இணையான ஒன்றைத் தொழில்முனைவோரிடம் கண்டது. வேலையில் இருந்தபடியே சொந்தத் தொழிலைத் தொடங்கிப் பிறகு முழுநேரமாக மாறியவர்களின் தொழில் மூடப்படும் வாய்ப்பு, வேலையை ஒரேயடியாக விட்டுத் தொடங்கியவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. துணிச்சல் குறைந்தவர்கள் தோற்பார்கள் என்ற பொது நம்பிக்கைக்கு அது மாறான முடிவு.

முழுநேரமானதால் ராமனுக்குக் கிடைத்தது நேரம் மட்டுமில்லை; மாணவர்கள் கிடைத்தார்கள். 1921இல் ஐரோப்பாவுக்குப் போய்வந்த கடற்பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் எழுப்பிய கேள்வியைக் கே.ஆர். ராமநாதன், கே.எஸ். கிருஷ்ணன் முதலிய இளைஞர்கள் வரிசையாக எடுத்து ஆராய்ந்தார்கள். 1928 பிப்ரவரி 28இல் ராமன் விளைவு அறிவிக்கப்பட்டது. 1930இல் நோபல் பரிசு. சோதனைகள் நடந்தது அதே பவ்பஜார் தெருக் கட்டடத்தில். அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் மட்டும் ஆய்வு செய்யும் அதிகாரியாகவே இருந்திருந்தால் இந்த ஆய்வுக் குழு உருவாகியிருக்காது. வேலையை விட வேண்டிய தருணம் ஒன்று உண்டு என்பதை ராமன் காட்டுகிறார்: இருக்கும் நேரத்துக்குள் அடங்காத அளவுக்குப் பணி வளர்ந்துவிட்டபோது.

விடாமலே சாதித்தவர்களும் உண்டு. உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் மாதம் 50 ரூபாய்க்குத் தமிழாசிரியரானார். அந்த வேலையால்தான் அவ்வூர் முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். அவர் கேட்ட கேள்வியால்தான் சீவக சிந்தாமணியின் பக்கம் திரும்பினார். அதை 1887இல் பதிப்பித்து, பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று போன பதிப்புப் பணி முழுதும் ஆசிரியர் வேலையோடு சேர்ந்தே நடந்தது. 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி, 1919 வரை பணியில் இருந்தார். ராமன் மாணவராக இருந்த அதே கல்லூரி, அதே ஆண்டுகள். ஏடு தேடிப் போனது விடுமுறைகளில், புரூப் பார்த்தது இரவுகளில். சம்பளம் அவருக்கு ஆர்வத்தின் எதிரியாக இருக்கவில்லை.

இந்தக் கதைகளில் எப்போதும் விடுபடும் ஒரு பக்கம் இருக்கிறது. லோகசுந்தரி கல்கத்தா வந்தபோது அவருக்குப் பதின்மூன்று வயது. மொழி தெரியாத நகரம். கணவர் வீட்டில் இருந்ததோ தூங்கும் நேரமும் சாப்பிடும் நேரமும் மட்டும். ராமானுஜனின் மனைவி ஜானகியின் நிலை இன்னும் கடினம். பத்து வயதில் கல்யாணம். கணவர் 1914 மார்ச்சில் கப்பலேறினார்; ஐந்தாண்டு கழித்து நோயோடு திரும்பி, 1920 ஏப்ரல் 26இல் இறந்தார். இருபத்தொரு வயதில் தனித்துவிடப்பட்ட ஜானகிக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் தந்தது மாதம் 20 ரூபாய் ஓய்வூதியம். தையல் கற்று, திருவல்லிக்கேணியில் துணி தைத்துத் தன்னைக் காத்துக்கொண்டார். ஒரு பையனை எடுத்து வளர்த்துப் படிக்கவைத்தார். 1994 வரை வாழ்ந்தார். ஒருவர் தன் விருப்பத்தைத் தொடரும்போது அதன் செலவில் ஒரு பங்கு இன்னொருவர் கணக்கில் எழுதப்படுகிறது. அந்த இன்னொருவரிடம் சம்மதம் கேட்கப்பட்டதா என்பதை, வேலையை விடலாமா என்று யோசிப்பவர்கள் தங்கள் பட்டியலில் முதலாவதாக எழுத வேண்டும். அன்று ஜானகியிடம் யாரும் கேட்கவில்லை. இன்று கேட்காமலிருக்க நமக்கு எந்தச் சாக்கும் இல்லை.

குறிக்கோள் என்று நாம் பேசும்போது வருமானத்தை ஓர் எல்லையில்லாத பொருளாக விட்டுவிடுகிறோம். எவ்வளவு போதும் என்று எழுதுவதில்லை. ராமானுஜன் எழுதினார். 1919 ஜனவரி 11ஆம் தேதி, இங்கிலாந்தில் நோயாளியாக இருந்தபடி, சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு கடிதம். பல்கலைக்கழகம் தனக்கு ஆண்டுக்கு 250 பவுன் தர முடிவு செய்திருப்பது தன் தேவைக்கு மிகுதி என்றார். இங்கிலாந்துச் செலவுகளை அடைத்தபின், ஆண்டுக்கு 50 பவுன் பெற்றோருக்குத் தரட்டும். தன் தேவை போக எஞ்சுவது ஏழை, அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் போகட்டும் என்று எழுதினார். ஆறாண்டுக்கு முன் சோறு வேண்டும் என்று எழுதிய அதே மனிதர். தேவையான தொகையைக் கூச்சமில்லாமல் கேட்கத் தெரிந்தவருக்கு, போதும் என்ற அளவையும் சொல்லத் தெரிந்திருந்தது. வேலையை விட நினைக்கும் இளைஞர் ஒருவர், எனக்கும் என்னை நம்பியிருப்பவர்களுக்கும் மாதம் இவ்வளவு தேவை, அது இந்த வழியில் வரும், இத்தனை ஆண்டுகள் நிற்கும் என்று மூன்று வரி எழுதி வைத்தால், வீட்டில் நடக்கும் சண்டைகளில் பாதி பேச்சுவார்த்தையாக மாறிவிடும்.

ஆனால் அந்த மூன்று வரியை எழுத முடியாதவர்கள்தான் நம்மிடையே அதிகம். ராமனுக்குச் சம்பளம் இருந்தது. ராமானுஜனுக்கு வேறொருவர் உதவி தேவைப்பட்டது. அதனால்தான் 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் செய்த காரியத்தைப் பெரிதாக மதிக்கிறேன். அப்போதைய வானிலைத் துறைத் தலைவரும் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளருமான கில்பர்ட் வாக்கர், ராமானுஜனின் நோட்டைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். ஆய்வு உதவித்தொகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. எஃப்.ஏ.கூடத் தேறாத குமாஸ்தாவுக்காக அந்த விதியை ஒதுக்கிவைத்து, மாதம் 75 ரூபாய், இரண்டாண்டுக்கு என்று முடிவு செய்தார்கள். கேட்டது ஒன்றே ஒன்று: மூன்று மாதத்துக்கு ஓர் அறிக்கை. ராமானுஜன் கப்பலேறுவதற்கு முன் மூன்று அறிக்கைகளைக் கொடுத்துவிட்டார். இன்று அவருடைய பெயராலேயே வழங்கப்படும் ஒரு முக்கியமான தேற்றம் அவற்றில்தான் இருக்கிறது.

இரண்டாண்டுக்குப் பல்கலைக்கழகம் ஒதுக்கியது மொத்தம் 1,800 ரூபாய். அதே போன்ற ஒன்றை இன்றும் செய்யலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவர்; கணிதமோ இசையோ கல்வெட்டோ நாடகமோ, பொருள் எதுவாகவும் இருக்கட்டும். பட்டச் சான்றிதழ் கேட்க வேண்டாம். ஏற்கெனவே அவர்கள் தனியே செய்து வைத்திருப்பதைத் துறை அறிந்த இரண்டு பேர் படித்துப் பார்க்கட்டும். ஒரு சிறு குடும்பம் மானத்தோடு வாழும் அளவுக்கு மாதத் தொகை, இரண்டாண்டுக்கு. மூன்று மாதத்துக்கு ஓர் அறிக்கை. பணம் பல்கலைக்கழகத்திலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. தாரக்நாத் பாலித் ஒரு வழக்கறிஞர், மகேந்திரலால் சர்க்கார் ஒரு மருத்துவர், ராமச்சந்திர ராவ் தன் சம்பளத்திலிருந்து மணியார்டர் அனுப்பிய ஓர் அதிகாரி. கோயில் திருப்பணிக்கும் கல்யாண மண்டபத்துக்கும் மனமுவந்து கொடுக்கும் ஊர்கள் நம்முடையவை. அந்தப் பட்டியலில் இதையும் சேர்க்கும்படி கேட்க ஊருக்கு ஒருவர் முன்வந்தால் தொடங்கிவிடலாம்.